பெரியம்மா உப்பு

பாசிக்குடா ஹோட்டல்களுக்கு விற்க எங்கள் மாதர் சங்கம் இறால் அச்சாறு போடப் புறப்பட்டபோது, எங்களுக்குத் தொழில் பழக்கக் களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓர் அரசாங்க உத்தியோகத்தர் வந்தார். மெலிந்த பெண், பெரிய கண்ணாடி. அடுப்பு மூட்டுமுன் எல்லோரையும் வட்டமாக இருத்திக் கேள்வி கேட்பது அவர் வழக்கம்.

“அச்சாறு பழுதாப் போயிற்று எண்டு வெச்சுக்கொள்ளுங்க. ஏன் பழுதாச்சு?”

“தொடங்க முதலே இதென்ன பேச்சு மகள்?” என்று நான் சீறினேன்.

“இப்ப பழுதானா வெறும் பேச்சுத்தானே அம்மா. பிறகெண்டா இறாலெல்லோ போகும்!”

போத்தலில் ஈரம் என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, “பெரியம்மா வராட்டி உப்பு ஆர்கா போடுற?” என்று என்னைப் பார்த்தாள். ஊரில் என் கை உப்புக்குத்தான் பேர். உத்தியோகத்தர் நான் அள்ளிய உப்பைக் கரண்டியால் அளந்து கொப்பியில் குறித்துக்கொண்டார். பிறகு ஒரு சட்டிக்கு நான் கையாலும், மற்றதற்கு உப்பைப் பற்றிக் கேட்டவள் அதே அளவில் கரண்டியாலும் உப்புப் போட்டோம்.

இறக்கியதும் மறுபடி வட்டம். கண்ணை மூடி ருசித்து, என் சட்டி எதுவென்று நான் சொல்லவேண்டுமாம். முதல் ருசித்ததுதான் என்று அடித்துச் சொன்னேன். அது கரண்டிச் சட்டி! எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

உத்தியோகத்தர் சிரிக்கவில்லை. கொப்பியில் அந்த அளவுக்கு மேலே ‘பெரியம்மா உப்பு’ என்று எழுதி என்னிடம் நீட்டினார். எழுத்துக்கூட்டி வாசித்தேன். தோற்றவளுக்கு இவ்வளவு மரியாதை செய்த ஆளை நான் வேறெங்கும் காணவில்லை.