ராஜாவின் வயிறு

ஸ்டான் டாகெட்டின் முகம் தொலைக்காட்சியில் தெரியாது. விதி அப்படித்தான் எழுதி வைத்திருந்தது.

வேறு ஊரில் பிறந்திருந்தால் அவர் இதற்காக வருத்தப்பட்டிருக்க மாட்டார். பிறந்தது இங்கிலாந்தில், தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் டில்பரியில். ஸ்பெயின்காரன் கப்பற்படையோடு வந்தபோது, முதலாம் எலிசபெத் மகாராணி குதிரையேறி வந்து சிப்பாய்களிடம் பேசியது இந்த மண்ணில்தான். எனக்கு இருப்பது பலவீனமான பெண்ணின் உடல், ஆனால் உள்ளே இருப்பது ஒரு ராஜாவின் நெஞ்சும் வயிறும் என்று அவள் முழங்கியதை ஊரில் எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் வயிறு என்றால் துணிச்சல். வாத்தியார் எத்தனை விளக்கினாலும், அந்த வார்த்தை வரும்போது கடைசி பெஞ்சில் எவனாவது ஏப்பம் விடுவான். ஸ்டான் படித்த வகுப்பில் அந்த எவனாவது, பெரும்பாலும் ஸ்டான்தான்.

சில வருடங்களுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு கம்பெனி அந்தப் பேச்சைத் தொலைக்காட்சி நாடகமாக எடுக்க வரும். தேம்ஸ் கரையில் கூடாரம் அடித்து, ஊர்க்காரர்களையே சிப்பாய்களாக நிறுத்தும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த ஸ்டான் ஒவ்வொரு முறையும் லீவு போட்டுவிட்டு ஈட்டி பிடிக்கப் போனார். முதல் நாடகத்தில் ராணி கத்தினாள். ஸ்டானின் இரும்புத் தொப்பி மூக்கு வரை இறங்கிவிட்டது. அடுத்ததில் ராணி அழுதாள். அவருக்கும் கேமராவுக்கும் நடுவே வெள்ளைக் குதிரையின் பின்பக்கம் வந்து நின்று, பேச்சு முடியும்வரை நகர மறுத்தது. மூன்றாவதில் ராணி குசுகுசுவென்று பேசினாள். ஸ்டானைத் தெளிவாகவே படம் பிடித்தார்கள். பிறகு காட்சிக்கு அழகு போதவில்லை என்று கம்ப்யூட்டரில் மூடுபனியைச் சேர்த்து, அவர் முகத்தின் மேலேயே கவிழ்த்துவிட்டார்கள்.

நாடகம் ஒளிபரப்பாகும் நாளில் துறைமுகத் தொழிலாளர் கிளப்பில் எல்லோரும் கூடுவார்கள். ஸ்டான் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, இதோ இந்த வாலுக்குப் பின்னால் நான்தான் என்று விரலால் காட்டுவார். வால் ஒருமுறை ஆடும். கிளப்பே விழுந்து சிரிக்கும். போகப் போக, அவர் படப்பிடிப்புக்குப் போனாரா என்பதே சந்தேகமாகிவிட்டது. கூட வேலை பார்த்த ரெக், ஸ்டான் லீவு போட்டுவிட்டு மீன்பிடிக்கப் போகிறான் என்று பரப்பினார். அதைக்கூட ஸ்டான் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது மனைவி மேவிஸின் மௌனம். காலில் ஆற்றுச் சேற்றோடுதான் வீட்டுக்கு வருகிறார். மீன்பிடித்தாலும் அதே சேறு, ராணியின் படையில் நின்றாலும் அதே சேறு. அவள் எதை நம்புவாள், பாவம்.

ஓய்வு பெற்ற பிறகு நான்காவது கம்பெனி வந்தது. அடுத்த கம்பெனி வரும்வரை உயிரோடு இருப்போமா என்று ஸ்டானுக்குத் தெரியவில்லை. இந்த முறை மேவிஸ் தன் கண்ணால் பார்த்து நம்ப வேண்டும். அது ஒன்று போதும்.

ஆனால் உடை அளவு பார்க்கப் போன நாளில், பெருத்திருந்த வயிற்றின் மேல் மார்புக் கவசம் பூட்டவில்லை. உடைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் கொக்கியை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். "ஷூட்டிங்குக்குள்ள இது மாட்டணும் ஐயா. இல்லேன்னா உங்களக் கூடாரத்துக்குப் பின்னாடிதான் நிறுத்தணும்" என்று சொல்லிவிட்டாள்.

அன்று முதல் வீட்டில் முட்டைக்கோஸ் சூப். காலையிலும் அதுதான், இரவிலும் அதுதான். மேவிஸ் கரண்டியோடு எதிரில் உட்கார்ந்து காவல் காத்தாள்.

"கவசம்னு ஒண்ணு நெஜமாவே இருந்தா, அதுக்குள்ள நீ போயிடுவே" என்றாள். "இல்லேன்னாலும் பரவால்ல. சூப்பு உடம்புக்கு நல்லது."

படப்பிடிப்பு நாளில் கொக்கி மாட்டியது. ஸ்டான் முதல் வரிசையில் நின்றார். தொப்பி காதோடு நின்றது, குதிரை அந்தப் பக்கம் திரும்பியிருந்தது, வானத்தில் பொட்டு மேகமில்லை. விதி தூங்கிவிட்டது என்றே அவர் நினைத்தார். ஆனால் ராணி வாயைத் திறக்கும்போதெல்லாம் ஆற்றில் ஒரு சரக்குக் கப்பல் ஹாரன் அடித்தது. மறுபடி, மறுபடி. சாப்பாட்டு நேரம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. சாப்பாட்டு வண்டியிலிருந்து பன்றி இறைச்சி வறுபடும் வாசனை வேறு நேராக முதல் வரிசைக்கு வந்தது.

கடைசியில் ஆறு அடங்கியது. கேமரா ராணியின் முகத்தருகே போயிற்று. பெயர்பெற்ற நடிகை அவள். கத்தவில்லை, அழவில்லை, நெஞ்சில் கை வைத்து, "ஒரு ராஜாவின் நெஞ்சும்" என்று நிறுத்தி, "வயிறும்" என்றாள்.

ஸ்டானின் வயிறு பதில் சொன்னது.

அடியிலிருந்து எழுந்து, நீளமாக உருண்டு, நடுவில் நின்று யோசித்து, மறுபடி தொடர்ந்தது. குதிரை காதைத் திருப்பியது. நடிகையின் உதட்டோரம் துடித்தது. ஆனாலும் விடாமல் பேசி முடித்தாள். அதன்பிறகு ஒரு சேனையே கவசத்தோடு புல்லில் விழுந்து சிரித்தது. உதவி இயக்குநர் ஒலிபெருக்கியில் கேட்டான்: "யாரோட வயிறு அது?"

ஸ்டான் ஈட்டியை இடது கைக்கு மாற்றி, வலது கையை உயர்த்தினார். அவரைக் கூடாரத்துக்குப் பின்னால் அனுப்பிவிட்டார்கள். சிப்பாய்களின் முகங்களைப் படமெடுத்ததெல்லாம் அதற்கப்புறம்தான். ஸ்டான் அங்கே தனியாக உட்கார்ந்து, வறுத்த இறைச்சி வைத்த ரொட்டியைத் தின்றார். கண்ணீர் அதில் உப்பாக இறங்கியது.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. ஒளிபரப்பு நாளில் கிளப்புக்கு வரமாட்டேன் என்றவரை மேவிஸ்தான் இழுத்துக்கொண்டு போனாள். அவர் கதவோரமாக உட்கார்ந்தார்.

"டேய் ஸ்டான், இந்த வாட்டி எந்த மிருகத்துக்குப் பின்னாடிடா நிக்கிற?" என்றார் ரெக்.

திரையில் முதல் வரிசை முகங்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஸ்டான் இல்லை. மேவிஸ் கணவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கருணையே அவரைக் கொன்றது. ராணி நெஞ்சில் கை வைத்தாள். நெஞ்சும் என்றாள். வயிறும் என்றாள். எங்கோ தூரத்தில் ஒரு உறுமல் உருண்டது. ராணியின் உதடு துடித்து, கண்கள் பளபளத்து, முகத்தில் ஒரு புன்னகை வந்து போயிற்று. படைவீரர்களின் அன்பைக் கண்டு ராணி நெகிழும் கட்டம் என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதப்போவது அந்தப் புன்னகையைத்தான். அது வேறெந்த டேக்கிலும் கிடைக்கவில்லை என்று இயக்குநரே பிறகு பேட்டி கொடுத்தார்.

"பீரங்கியா அது?" என்றார் ரெக்.

மேவிஸ் எழுந்து நின்றாள்.

"பீரங்கியாம். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் தூக்கத்தைக் கெடுக்கிற சத்தம்யா அது. நடுவுல நின்னு யோசிச்சுச்சு பாரு, அது ஸ்டான். பின்னாடி வந்தது என் முட்டைக்கோஸ் சூப்பு."

 யாரோ காட்சியைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார்கள். உறுமல் வந்தது, நின்றது, யோசித்தது, தொடர்ந்தது. ரெக் தொப்பியைக் கழற்றினார்.

மேவிஸ் கதவோரம் வந்து கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் குரல் இறங்கிப்போயிருந்தது.

"அப்ப அந்த மூணு வாட்டியும் நெஜமாவே போயிருந்தியா?"

"போயிருந்தேன்."

"குதிரைக்குப் பின்னாடியும்?"

"குதிரைக்குப் பின்னாடியும் நான்தான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கவுன்ட்டர் பக்கம் திரும்பி, மீனும் சிப்ஸும் இரண்டு பங்கு கொண்டுவரச் சொன்னாள். யாருக்கு என்று கேட்டார்கள்.

"ராஜாவுக்கு" என்றாள் மேவிஸ். "வயிறு காலியா இருந்தா மறுபடியும் பேச ஆரம்பிச்சிரும்."