சாவு வீட்டில் கேட்ட சிரிப்பு

எண்பத்தொன்பதாம் ஆண்டு, யட்டவத்தைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. என் மகளுக்கு அப்போது ஏழு மாதம். கைக்குழந்தையைச் சாவு வீட்டுக்குத் தூக்கிப் போகலாமா, வேண்டாமா என்று காலையிலிருந்து குழம்பிக்கொண்டிருந்தேன். இறந்தவர் பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருந்த அம்மா. போகாமல் இருக்கவும் மனம் வரவில்லை.

அவருடைய ஒரே மகள் பேர்போன நகைச்சுவை நடிகை. எங்கள் கோயில் திருவிழா மேடையில் தொடங்கி, கொழும்பு நாடகங்களுக்குப் போய், சினிமாவுக்கும் போனவர். எதில் நடித்தாலும் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிற ஒரு காட்சி அவருக்கு இருக்கும். கொட்டகையே சிரிப்பில் அதிரும்.

நாட்டில் கிளர்ச்சி நடந்த காலம்; மாலை ஊரடங்குக்கு முன் அடக்கம் முடிய வேண்டும். வழியெல்லாம் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி அவர் வந்து சேர்ந்தபோது பெட்டியை மூட அரை மணி நேரம்கூட இல்லை. ஓடிவந்து, "என்னப் பெத்த ஆத்தா!" என்று மாரில் அடித்துக்கொண்டு விழுந்தார்.

இஸ்தோப்புத் திண்ணையில் நின்ற யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது அப்படியே பரவியது. பெண்கள்கூடச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"அக்கா, படத்துல அழுவுற மாதிரியே இருக்குங்க!" என்றான் ஒரு மடையன்.

அவர் நிமிர்ந்தார். "கொட்டகையில உக்காந்து சிரிச்சீங்க, சரி. இங்க யாருடா ஒனக்கு டிக்கட் குடுத்தது?"

அதற்கும் சிரித்தார்கள்! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவர் சினிமாவுக்குக் கொண்டுபோனதே எங்கள் லயத்துப் பெண்களின் அழுகையைத்தானே? பெற்ற தாய்க்காக அழுகிற அழுகை இவர்களுக்கு எப்படி வேடிக்கையாகிப் போனது?

எங்கள் பக்கத்தில் மகளைத் தனியாக அழவிட மாட்டார்கள். பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு கூடவே ஒப்பாரி வைப்பார்கள். அன்று ஒருத்தியும் அசையவில்லை. அவர் சுற்றிலும் பார்த்து, "ஒருத்தியாச்சும் வாங்கடி" என்றார்.

குழந்தையைக் கணவரிடம் கொடுத்தேன். எனக்கு ஒப்பாரியில் ஒரு வரிகூடத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் அதையா சொல்லித் தந்தார்கள்? பிழையாக ஏதும் செய்துவிடுவேனோ என்ற பயம் வேறு. ஆனாலும் போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அவர் பாடி அழுதார், நான் வெறுமனே அழுதேன். வாசலில் தப்பு மேளம் தொடங்கும்வரை வேறு யாரும் வரவில்லை.

இப்போதும் அவருடைய படம் டிவியில் வந்தால் எங்கள் வீட்டில் சிரிக்கிறார்கள். "அது நடிப்புதானே, சிரிச்சா என்னா?" என்கிறார் கணவர். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் பெற்றவளுக்காக அழ அந்த மகளுக்கு இருந்ததே அந்த அரை மணி நேரம்தான். அதையும் பறித்துக்கொண்ட சிரிப்பை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.