நான்கே நாளில் நகர்ந்த கண்கள்

தட்டைமீன் குஞ்சு பொரிப்பகத்தில் பதினெட்டு வருடமாகத் தீனி போடுகிறவர், எல்லோருக்கும் அவர் அக்கா. குஞ்சின் ஒரு கண் மறுபக்கம் நகர்ந்து உடல் தட்டையாகும் நாட்களில் அது சரியாகத் தின்னாது. முன்பே சேர்த்த கொழுப்பில்தான் பிழைக்கும். இது அக்காவுக்கு அத்துப்படி. மெத்தப் படித்த புது மேலாளருக்குத்தான் பொறுமையில்லை. உருமாற்றம் சீக்கிரம் நடக்கட்டும் என்று தொட்டியில் தைராய்டு ஹார்மோனைக் கலக்கச் சொன்னார்.

"நான் தினமும் போடுற மாத்திரையும் இதான் சார். அளவு கூடினா கொழுப்பு கரைஞ்சிடும். குஞ்சுங்க இன்னும் தேறல."

"நீங்க எப்பம்மா டாக்டரானீங்க?"

நான்கே நாளில் கண்கள் நகர்ந்தன. மேலாளர் கேக் வெட்டினார். மறுவாரம், சுண்டுவிரல் நகமளவுகூட வளராத குஞ்சுகள் பாதிக்குமேல் செத்துக் கிடந்தன. வலையால் அள்ளும்போது அக்காவுக்கு அழுகை வந்தது. மேலாளரோ 'உருமாற்றம் முழு வெற்றி' என்று அறிக்கை எழுதி, அதைப் பற்றிப் பேச ஒரு மாதம் வெளியூர் போனார்.

அந்த மாதம் அக்கா ஹார்மோன் புட்டியைத் தொடவே இல்லை. புதிதாகப் பொரித்த குஞ்சுகள் வயிறாரத் தின்று, தம் நேரத்தில், கொழுகொழுவென்று தட்டையாயின. திரும்பி வந்த மேலாளர் பூரித்துப்போனார்.

"பாத்தீங்களா, என் முறை எப்படி வேலை செய்யுதுன்னு!"

"ஆமா சார்," என்றார் அக்கா. "நீங்க வெளியூர்லயே இருந்தா இன்னும் நல்லா வேலை செய்யும்."