ஆறு முதல் பதினாறு வரை

அந்த வயது வரம்பை வைத்தது நான்தான். ஆறு முதல் பதினாறு வரை என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், காதுக்கு நன்றாக இருந்தது. பேனரில் போட்டால் எடுப்பாக இருக்கும் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு திட்டத்துக்கு இப்படியா வயது வைப்பார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அம்பத்தூரில் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு என்னென்ன வேண்டும் என்று கூடிப் பேச ஒரு குழு போட்டிருந்தார்கள். கவுன்சிலர், பள்ளித் தலைமையாசிரியை, அங்கன்வாடி டீச்சர், பிள்ளைகள் சார்பில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சார்பில் நான். ஐ.டி. கம்பெனியில் வருடக்கணக்காக மீட்டிங் நடத்தியவள் என்ற மிதப்பு எனக்கு உண்டு. குறிப்பு எழுதும் வேலையை யாரும் கொடுக்காமலே பிடுங்கிக்கொண்டேன்.

பள்ளி விட்ட பிறகு, பெற்றோர் வேலையிலிருந்து வரும்வரை பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கவும் விளையாடவும் சமுதாயக் கூடத்தில் ஒரு மாலை மையம். முதல் கூட்டத்திலேயே முடிவாகிவிட்டது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. டீ வந்து, எல்லோரும் கிளம்பும் தோரணையில் இருந்தபோதுதான் அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுந்து நின்றாள்.

"தம்பியையும் இட்டுகினு வரலாமா மேடம்? ஒரு ஓரமா குந்திகினு இருப்பான்."

தம்பிக்கு மூன்று வயது. அம்மாவுக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தையல் கம்பெனியில் வேலை, வீடு திரும்ப எட்டாகிவிடும். அதுவரை அவனைப் பார்த்துக்கொள்ள இவளை விட்டால் ஆளில்லை. அவன் இருக்கும்வரை புத்தகத்தைத் திறக்க முடியவில்லை என்றாள். அங்கன்வாடி டீச்சர், தான் வேண்டுமானால் கொஞ்ச நேரம் கூட இருந்து பார்த்துக்கொள்வதாக மெல்லச் சொன்னார். நான்தான், சின்னக் குழந்தை என்றால் பாதுகாப்பு, பொறுப்பு என்று ஆயிரம் இருக்கிறது, அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று சிரித்துக்கொண்டே முடித்துவைத்தேன்.

அடுத்த கூட்டம் முழுக்கத் திறப்பு விழாப் பேச்சு. யாரை அழைப்பது, சுண்டலா பிஸ்கெட்டா. அவள் கடைசிவரை உட்கார்ந்திருந்தாள், வாய் திறக்கவில்லை. தம்பி பேச்சை நானும் எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன், அது பொய். நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். ஆனால் பேனர் அடிக்கக் கொடுத்தாகிவிட்டது. மூன்று முதல் பதினாறு என்று மாற்றினால் அந்த எடுப்பு போய்விடும். இதை எழுதவே கூசுகிறது.

மையம் திறந்தோம். கேரம் போர்டும் கூச்சலுமாகக் கூடம் நிறைந்தது. அவள் மட்டும் ஒரு நாளும் வரவில்லை. இவ்வளவு செய்து கொடுத்தும் படிக்க அக்கறை இருந்தால்தானே என்று வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். மறு வருடம் தலைமையாசிரியையைப் பார்த்தபோது சொன்னார், அவளுக்குப் பத்தாவதில் இரண்டு பாடம் போய்விட்டதாம். துணைத்தேர்வுக்கும் வரவில்லை. கொஞ்ச நாளில் அம்மாவோடு அதே கம்பெனிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போன மாதம் மையத்து வாசலில் அவளே நின்றாள். காலை ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறாள், சட்டையில் நூல் பிசிறு. தம்பிக்கு ஆறு வயதாகிவிட்டது, மையத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அவன் அக்கா கையை உதறிவிட்டு உள்ளே ஓடினான். விட்ட பாடங்களை எழுதிவிடலாம், நானே சொல்லித்தருகிறேன் என்றேன். ஷிப்ட் மாறி மாறி வருது மேடம் என்று மட்டும் சொன்னாள்.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடம் அது. நானோ தப்பு அவளுடையது போல, அன்றைக்கே இன்னொரு தடவை கேட்டிருக்கலாமே அம்மா என்றேன்.

அவள் கோபப்படவில்லை.

"நீங்க சிரிச்ச மூஞ்சியா சொன்னீங்களா மேடம், அப்பால திருப்பிக் கேட்டா நல்லா இருக்காதுன்னு உட்டுட்டேன்."