ஆறு மில்லிமீற்றர் விலகிய கதவு

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கிண்ணியாவிலிருந்து பரீனா அழைத்தார்.

"அண்ணன், கதவு பழுதாப் பெயித்து."

"என்ன நடந்தது?"

"நல்லாத்தான் வெட்டிக்கொண்டு வந்த. பாதியில எல்லாம் ஒரு பக்கமா விலகிட்டு. நான் குசினிக்குள்ள நிண்டுட்டன். வந்து பாக்கக்குள்ள மிச்ச வரிசையும் முடிஞ்சிட்டு."

பரீனா தன் வீட்டு முன் அறையில் ஒரு சீ.என்.சி. மெஷின் வைத்திருக்கிறார். கணினியில் வரைந்த வடிவத்தை மரத்தில் தானாகச் செதுக்கும் மெஷின் அது. பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை அவரும் தச்சு வேலை செய்யும் கணவர் சபீக்கும் சேர்ந்து பூட்டினார்கள். மோட்டர்களுக்கும் கொன்ட்ரோல் பெட்டிக்கும் வயரிங் செய்தது நான். இருபத்தாறு வருடம் திருகோணமலைத் துறைமுகத்தில் படகுகளுக்கு வயர் இழுத்த பிறகு, அன்புவழிபுரத்தில் வீட்டோடு பட்டறை வைத்து இந்த வேலைக்கு வந்தவன்.

விலகல் புதிதல்ல. இரண்டு கிழமைக்கு முன் பிளைவூட்டில் இதே பிழை வந்தபோது போய்ப் பார்த்தேன். வெட்டும் அலகைச் சுழற்றும் ஸ்பிண்டில் மோட்டரிலிருந்து வரும் மின் இரைச்சல் மற்ற வயர்களில் ஏறுகிறது என்று முடிவு செய்தேன். உறையிட்ட வயர் மாற்றினேன். வீட்டு எர்த் சரியில்லை என்றும் சொன்னேன். சபீக் வேர்த்து விறுவிறுத்து ஆறடிச் செப்புக் கம்பி ஒன்றை நிலத்தில் அடித்தார். இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்து, "இனிப் பயமில்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தச் சொல்லை நம்பித்தான் பரீனா கதவை மேசையில் ஏற்றினார்.

கதவு சாதாரணக் கதவல்ல. கட்டைபறிச்சானில் புது வீடு கட்டியிருக்கும் தங்கம்மா ரீச்சர், தன் பழைய வீட்டிலிருந்து கழற்றி வைத்த முதிரை மரப் பலகைகளை ஒப்படைத்திருந்தார். சரியாக இரண்டு கதவுக்குத்தான் மரம் இருந்தது. வெள்ளிக்கிழமை குடிபூரல், புது வீட்டில் குடியேறும் நாள். பரீனாவுக்கு இது முதல் பெரிய வேலை. ஒன்று பழுதாகிவிட்டது. மற்றதும் போனால் ரீச்சருக்குக் கொடுக்க வேறு பலகை எங்கும் இல்லை.

கிண்ணியாப் பாலத்தைக் கடந்து ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். சபீக் வாசலில் நின்றார்.

"வாங்க மாஸ்டர். இந்தமுறை எத்தின அடி கம்பி அடிக்கணும்? எட்டா, பத்தா?"

"கம்பி வேண்டாம். ஒரு பேனை தாங்கோ."

"பேனையா? எழுதிக் குடுத்திட்டுப் போகப் போறீங்களோ?"

பரீனா சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த கதவைக் காட்டினார். மேல் பாதியில் கொடியும் பூவும் சுத்தமாக இருந்தன. ஒரு கோட்டுக்குக் கீழே அதே கொடி, அதே பூ, எல்லாம் இடப்பக்கம் தள்ளி நின்றன. அளந்தேன். ஆறு மில்லிமீற்றர். அடிவரை அதே ஆறு.

இந்த அளவு எனக்கு ஒரு செய்தி. இரைச்சல் என்றால் பிழை அங்கும் இங்குமாகச் சிதறும், நீளவாட்டிலும் வரும். இங்கே குறுக்கே ஓடும் எக்ஸ் மோட்டர் மட்டும், ஒரே ஒரு தடவை, சில கணம் இயங்காமல் விட்டிருக்கிறது. நான் முதலில் சொன்ன காரணம் பிழை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது என் வழக்கம். முதலில் மின்சாரத்தை நிறுத்தி, பெட்டிக்குள் எக்ஸ் மோட்டரின் பிளக்கையும் நீளவாட்டு மோட்டர் ஒன்றின் பிளக்கையும் இடம் மாற்றிச் செருகி, கட்டளை வயர்களையும் மாற்றினேன். இப்போது இரண்டும் மற்றதன் டிரைவரில் ஓடும். டிரைவர் என்பது மோட்டருக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் சிறு பெட்டி. பிழை டிரைவரில் என்றால் அது நீளவாட்டுக்குத் தாவும். மோட்டரிலோ வயரிலோ என்றால் எக்ஸிலேயே நிற்கும்.

பிறகு ஸ்பிண்டிலின் பக்கத்தில் பேனையைக் கட்டினேன். மேசையில் கடதாசி விரித்து, ஸ்பிண்டிலையும் ஓடவிட்டு, கதவின் வடிவத்தைப் பேனையால் வரையவிட்டேன். போன தடவை பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தவன், இந்தத் தடவை மூடினேன். பரீனா வேலை செய்யும்போது மூடித்தானே இருக்கும்.

ஒன்பது ஐம்பதுக்குத் தொடங்கியது. நாங்கள் மூவரும் கதிரை போட்டுக் கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உளி பிடிச்சிருந்தா இந்நேரம் ரெண்டு பூ முடிச்சிருப்பன்" என்றார் சபீக்.

"ஓ, ரெண்டு பூ. அதில ஒண்டு கத்திரிக்காய் மாதிரி இருந்திருக்கும்" என்றார் பரீனா.

பத்து முப்பத்தெட்டுக்கு மோட்டரில் ஒரு சின்ன உறுமல். கோடு இடப்பக்கம் தாவியது.

"விலகிட்டு" என்றார் பரீனா, மிக மெதுவாக.

எக்ஸில்தான் விலகியது. டிரைவர் குற்றவாளி அல்ல. நிறுத்தி, டிரைவரின் விளக்கு முழுதாக அணையும்வரை காத்திருந்து, எக்ஸ் பிளக்கைக் கழற்றி, மின்தடை அளக்கும் மீற்றரை வைத்தேன். மோட்டரின் ஒரு சுருள் ஒன்றரை ஓம். மற்றதும் ஒன்றரை. வயரை லேசாக அசைத்தேன். ஒன்பதுக்கு ஏறி இறங்கியது; எங்கோ வயர் சரியாகப் பிடிபடவில்லை. ஒவ்வொரு வயராகப் பிடித்து இழுத்தேன். மூன்றாவது வயர், பிளக்குக்குள் அதை அழுத்திப் பிடிக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தாமலே என் கைக்கு வந்தது.

அதன் நுனி பளபளவென்று இருந்தது. ஈயம் பிடித்த நுனி. பிடித்தவன் நான்.

துறைமுகத்தில் படகு வயரிங் பழகியவர்கள் எல்லோரும் இதைச் செய்வோம். உப்புக் காற்றில் செப்பு இழை பச்சை பூத்து உதிரும். ஆகவே நுனியை உருகிய ஈயத்தில் நனைத்த பிறகுதான் எங்கேயும் பூட்டுவோம். ஈயம் இல்லாத நுனியைப் பார்த்தால் அரைகுறை வேலை என்று சிரிப்போம். ஆனால் ஈயம் மென்மையானது. ஸ்க்ரூவின் அழுத்தத்தில், மூடிய பெட்டியின் சூட்டில், மெஷினின் அதிர்வில், அது கொஞ்சம் கொஞ்சமாக நசிந்து தட்டையாகும். ஸ்க்ரூ வைத்த இடத்திலேயே இருக்கும். வயர் தளர்ந்துவிடும். மற்ற பிளக்குகளையும் பார்த்தேன். ஒவ்வொரு ஸ்க்ரூவும் இன்னும் அரைச் சுற்று ஏறியது. டிரைவர் எரியாமல் தப்பியதே பெரிய காரியம்.

சொல்லத்தான் வேண்டும்.

"தங்கச்சி, இது உங்கட கரண்டுமில்லை, எர்த்துமில்லை. என்ர வேலை. நான் பூட்டின விதம் பிழை."

சபீக் கேட்டார். "அப்ப நான் அடிச்ச கம்பி?"

"அது நல்லது. இருக்கட்டும். ஆனா இந்த வருத்தத்துக்கு அது மருந்தில்லை."

"ஆறடி மாஸ்டர்."

"ஓம். தெரியும்."

எல்லா நுனிகளையும் வெட்டி எறிந்தேன். புது இழைகளில் ஃபெரூல் என்னும் சிறு செப்புக் குழாயை மாட்டி, அதற்கென்ற குறட்டால் நெரித்துப் பூட்டினேன். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். பேனையை மறுபடி கட்டி, கதவுக்குத் தேவையான மூன்றே கால் மணி நேரமும் முழுதாக ஓட்டினேன். முடிவில் தொடங்கிய புள்ளிக்குத் திரும்பச் சொன்னபோது பேனை அதே புள்ளியில் வந்து குத்தியது.

"இனி மரத்தை வைக்கலாம்" என்றேன். இந்தத் தடவை அதைச் சொல்ல எனக்கு உரிமை இருந்தது.

பரீனா மரத்தை வைக்கவில்லை. பழுதான கதவின் முன் நின்று கொண்டிருந்தார்.

"அண்ணன், ரெண்டாவத நேர வெட்டினா இது பிழையெண்டு எல்லாருக்கும் தெரியும். ரெண்டாவதும் இதே கோட்டில, எதிர்ப் பக்கமா ஆறு மில்லிமீற்றர் விலகினா?"

"அப்ப ரெண்டும் சோடி சேரும்."

"விலகின கோட்டில ரெண்டிலயும் குறுக்கால ஒரு பட்டி வெட்டி அந்தத் தாவல மறைச்சா?"

சபீக் கதவைத் தடவிப் பார்த்தார். "பட்டி வெட்ட மரத்தில தடிப்பு இருக்கு. தாங்கும்."

ஒளித்துச் செய்ய பரீனா விரும்பவில்லை. படம் எடுத்து ரீச்சருக்கு அனுப்பி, அழைத்து நடந்ததை எல்லாம் சொன்னார். ரீச்சரின் குரல் எங்களுக்கும் கேட்டது.

"பிள்ளை, ரெண்டு கதவும் பொருந்திப் பூட்டுப்படுமோ?"

"ஓம் ரீச்சர்."

"அப்ப வெட்டு."

செவ்வாய் காலை இரண்டாவது கதவு மேசையில் ஏறியது. முன்பு தானாக விலகிய மெஷின் இப்போது கட்டளைப்படி விலக வேண்டும், அதற்கு மேல் ஒரு மயிரிழையும் விலகக் கூடாது. பரீனா நிறுத்தும் பொத்தானில் விரல் வைத்தபடி மூன்றே கால் மணி நேரமும் நின்றார். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. முடிந்ததும் முதல் கதவிலும் பட்டியை வெட்டி, இரண்டையும் அருகருகே வைத்தோம். பட்டிக்குக் கீழே இரண்டு கொடிகளும் ஒன்றையொன்று நோக்கி தலா ஆறு மில்லிமீற்றர் தள்ளி நின்றன.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல இவ்வளவுதான். ஈயம் பிடித்த நுனியை ஸ்க்ரூவுக்குள் வைக்காதீர்கள். மூன்று மணி நேர வேலையை இருபது நிமிடத்தில் சோதிக்காதீர்கள். ஒரு பிழை வந்தால் வீட்டுக்காரரின் கரண்டைக் குறை சொல்லுமுன், நீங்கள் மிக நன்றாகச் செய்ததாக நினைக்கும் இடத்தை முதலில் இழுத்துப் பாருங்கள். நான் அங்கே கடைசியாகப் போனேன்.

வியாழன் பின்னேரம் கட்டைபறிச்சானில் கதவு பூட்டினார்கள். நானும் போயிருந்தேன். சபீக் கடைசி ஸ்க்ரூவை முறுக்கி, இரண்டு கதவையும் சாத்தி, பூட்டைப் போட்டார். பிறகு கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காலை நிலைச் சட்டத்தில் ஊன்றி, பலங்கொண்ட மட்டும் இழுத்தார்.

"மாஸ்டர்" என்றார் திரும்பிப் பார்த்து. "இழுத்துப் பாத்திட்டன். கழரல்ல."