மூன்றாம் நம்பர் பட்டை

எழுபத்தெட்டு கிலோவுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஜூடோ உடுப்பு கிடைப்பது கஷ்டம். சிதம்பரத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் நாள், கோச் மேடம் அலமாரியிலிருந்து ஒரு பழைய வெள்ளைச் சட்டையை எடுத்து என் கையில் போட்டார்.

"இது ஒனக்குச் சேரும். முன்னாடி இருந்த பொண்ணோடது."

காலரில் வேறொருத்தியின் கழுத்து வியர்வை மஞ்சளாகப் படிந்திருந்தது. எவ்வளவு சோப்பு போட்டும் போகவில்லை. அந்தப் பெண் கல்யாணமாகி சிங்கப்பூர் போய்விட்டாள், போன் செய்தால் எடுப்பதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நான் கடலூர்ப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்குமே கனத்த உடம்புதான். மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தே பழகியவர்கள். என் கனத்தை அதுவரை யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. மேடம்தான் நினைத்தார்.

"வெயிட்டான பொண்ணுங்களுக்குக் கை தோக்காது, மூச்சுதான் தோக்கும். நாலு நிமிஷம் சமமா முடிஞ்சு ஆட்டம் நீண்டுச்சுன்னா அப்பத்தான் தெரியும், யாரு நிக்கறான்னு" என்பார்.

அதற்காகத்தான் விசில் பயிற்சி. இருபது விநாடி, எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்து, தூக்கி எறியப் போவதுபோலவே உள்ளே புகுந்து புகுந்து வெளியே வரவேண்டும். பத்து விநாடி நிற்கலாம். மறுபடி விசில். நான்காவது சுற்றுக்குள் வாயில் இரும்பு ருசிக்கும். எட்டாவது முடிந்ததும் நானும் என் ஜோடியான காட்டுமன்னார்கோயில் பெண்ணும் மேட் மேல் அப்படியே சரிந்துவிடுவோம். எங்கள் நெஞ்சில் கட்டியிருக்கும் பட்டைகள் இதயத் துடிப்பை மேடத்தின் போனுக்கு அனுப்பும். ஸ்டூல் மேல் நிறுத்தி வைத்த அந்தப் போனில் எனக்கு ஒரு கட்டம், அவளுக்கு ஒரு கட்டம். மூன்றாவதாக ஒரு பட்டை இருந்ததாம். எங்கேயோ தொலைந்துவிட்டது என்றார் மேடம்.

மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மூடிப்போன கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம்தான் எங்கள் பயிற்சி இடம். ஐப்பசி மழையில் வாசல் பக்கம் ஒழுக ஆரம்பித்ததும் ஸ்டூலை மேற்குச் சுவரோரம் நகர்த்தினோம். அன்று சாயங்காலம் போனில் மூன்று கட்டங்கள் தெரிந்தன.

"மேடம், மூணாம் நம்பர் பட்டை கெடைச்சிடுச்சா?" என்று கேட்டேன்.

"இல்லையே."

மூன்றாவது கட்டத்தில் எண்பத்திரண்டு என்று இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்பத்து நான்கானது.

போன் ஏதோ குழம்புகிறது என்றார் மேடம். பயிற்சி தொடங்கியது. முதல் சுற்று முடிந்து முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நான் பார்த்தபோது, மூன்றாம் நம்பரும் எங்களோடு ஏறியிருந்தது. பத்து விநாடி ஓய்வில் எங்கள் இரண்டும் கொஞ்சம் இறங்கின. அது இறங்கவில்லை. எட்டாவது சுற்றில் எங்கள் இருவரையும் தாண்டி நின்றது.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். நாங்கள் வரும்போது அமைதியாக இருக்கும். விசில் ஊதினால் ஏறும். காட்டுமன்னார்கோயில் பெண் என்னை ஓரமாக இழுத்துப் போய்ச் சொன்னாள்:

"மூணாம் நம்பர் யாரு கட்டுவாங்க தெரியுமா? ஒன் சட்ட யாருதோ, அந்த அக்காதான்."

"அவுங்கதான் சிங்கப்பூர்ல இருக்காங்களே?"

"யாரு பாத்தா? ஒரு வருஷமா ஒரு போன் இல்ல, மெசேஜ் இல்ல. இருக்காங்களான்னே தெரியல."

அன்றைக்கு அந்தச் சட்டையைப் போடக் கை வரவில்லை. டீ ஷர்ட்டோடு நின்றேன். மேடம் என்னைத் திட்டவில்லை. அவரும் அந்தக் கட்டத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு பேரும் உக்காருங்க. அசையக் கூடாது" என்றார்.

உட்கார்ந்தோம். வெளியே மழை. கரண்ட் குறைந்து டியூப்லைட் மினுக்கிக்கொண்டிருந்தது. மேடம் விசிலை ஊதினார்.

எங்கள் கட்டங்கள் அப்படியே இருந்தன. மூன்றாவது மட்டும் ஏறத் தொடங்கியது. தொண்ணூறு. நூற்றுப் பத்து. நூற்று முப்பது. அந்தக் கூடத்தில் எங்கள் மூவரைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் யாரோ ஒருத்தி எங்கள் நடுவில் நின்று உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். மேடம் நிறுத்தச் சொல்லி ஊதினார். ஏறுவது நின்றது. மறுபடி ஊதியதும் ஏறியது. காட்டுமன்னார்கோயில் பெண் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. வழக்கமாக நாங்கள் போடும் சத்தத்தில் அது கேட்டிருக்க வழியில்லை. எழுந்துபோய் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். ஈரச் சுவர். அதற்குள்ளிருந்து தொம், தொம் என்று என் கைக்கு அதிர்ந்தது.

"மேடம், சொவத்துக்கு அந்தாண்ட யாரோ விழுறாங்க."

மேடம் வந்து காதை வைத்துக் கேட்டார். பிறகு, பயிற்சி முடிந்தது என்பதற்கான நீண்ட விசிலை ஊதினார். அதிர்வு நின்றது. போனில் அந்த எண் மெல்ல மெல்ல, பார்க்கவே பயமாக இருக்கும் அளவுக்கு மெதுவாக, இறங்கியது.

மறுநாள் காலை மூன்று பேரும் சுற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனோம். அந்தச் சுவருக்குப் பின்பக்கத்து வீட்டு வாசல் அங்கேதான் இருந்தது. கதவைத் திறந்தவள் என்னைப் போலவே அகலமான பெண். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. மேடத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"யாரும்மா?" என்று உள்ளேயிருந்து மாமியார் வந்தார்.

"பழைய டீச்சர், அத்தை."

மாமியார் எங்களை உட்காரவைத்து காபி கொடுத்தார். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், பிரசவத்துக்கு வந்த மருமகள் இங்கேயே தங்கிவிட்டாள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சாயங்காலமானா இந்த வீட்ல நான் இருக்கறதில்லம்மா. பின்கட்டுல என்னமோ குதிக்குது. அடுக்குல பாத்திரமெல்லாம் ஆடுது. மழைக்குப் பெறகு ஜாஸ்தியாயிடுச்சு. அதான் கோயிலுக்குப் போயி, தீபாராதனை முடிஞ்சுதான் வர்றேன். இவளையும் கூப்புடறேன். இவ பயமே இல்லங்கறா."

மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் காபியைக் குடித்தோம்.

மாமியார் குழந்தையைக் குளிப்பாட்ட எடுத்துப்போனதும் அவள் எங்களைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். தரையில் ஒரு பழைய இலவம்பஞ்சு மெத்தை. தூணில் சாய்ந்தபடி, எதிராளிக்குப் பதிலாகப் பிடித்துத் தூக்கி எறிய, புடவையால் இறுக்கிக் கட்டிய ஒரு அரிசி மூட்டை. ஆணியில் தொங்கியது மூன்றாம் நம்பர் பட்டை.

"கடைசி நாளு கழட்ட மறந்துட்டேன், மேடம். அப்புறம் திருப்பித் தர மனசு வரல. கட்டிக்கிட்டாத்தான் ஆடற மாதிரி இருக்கும். ஒங்க விசில் இங்க நல்லாக் கேக்கும்."

"பக்கத்துலயே இருந்துக்கிட்டு ஏன்டி சொல்லல?"

"சொன்னா வரச் சொல்லுவீங்க. முடியாதுன்னு ஒங்ககிட்டச் சொல்ற தெம்பு இல்ல." பட்டையை ஆணியிலிருந்து எடுத்தபடி, "நீங்க எப்டிக் கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டாள்.

மேடம் போனைக் காட்டி, அதைச் சுவரோரம் வைத்ததிலிருந்து அவள் பட்டையின் துடிப்பு அதில் விழுவதைச் சொன்னார். அவள் அதை வாங்கிப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்து நெஞ்சை மூடிக்கொண்டாள்.

"எத்தன நாளா பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

"மழை வந்ததுலேந்து" என்றேன் நான்.

"சில நாளு அழுதுகிட்டே பண்ணியிருக்கேன். அது கூடத் தெரியுமா?"

தெரியாது, வெறும் நம்பர்தான் தெரியும் என்றார் மேடம். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. அவளை நினைத்து இத்தனை நாள் நாங்கள் பயந்திருந்தோம். இப்போது அவள் எங்களைப் பார்த்துப் பயந்தாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, முகம் தெரியாத யாரோ என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தால் அந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தூங்கியிருக்க மாட்டேன்.

துடிப்பு சரியாக இறங்கவில்லை என்று மேடம் எடுத்துச் சொல்லி, அவளை டாக்டரிடம் கூட்டிப்போனார். பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் மிகவும் குறைந்திருந்தது. மாத்திரை கொடுத்து, இரண்டு மாதம் குதிக்கவே கூடாது என்றார்கள். அன்றே மேடம் தன் போனிலிருந்து மூன்றாம் நம்பரை அவள் கண்ணெதிரே நீக்கிவிட்டார்.

வீட்டில் அவளே உண்மையைச் சொன்னாள். "பூதம் நீதானா?" என்று கேட்ட மாமியார் அதன்பிறகு பல நாள் அவளிடம் பேசவில்லையாம். பேச ஆரம்பித்தபோது, "குதிக்கறதுன்னா அங்க போயிக் குதி. எம் பாத்திரத்த விட்டுரு" என்றாராம்.

தை பிறந்து அவள் எங்கள் கூடத்துக்கு வந்தாள். மேடம் அவளையும் என்னையும் தரைப்பிடிக்கு இறக்கினார். நான் அவளை மல்லாத்தி, குறுக்கே படுத்து அமுக்கினேன். என் காது சரியாக அவள் நெஞ்சின் மேல் அழுந்தியது. முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே எனக்குப் பழகியிருந்த அந்த இதயம், முதல்முறையாக, சத்தமாகக் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்து, பிடி ஒரு கணம் தளர்ந்துவிட்டது. அதற்காகவே காத்திருந்தவள்போல் அவள் புரண்டு என்னைக் கீழே தள்ளி மேலே ஏறிக்கொண்டாள்.