தாய்மாமன் எடுத்த ஃபிராக்

அந்த ஃபிராக்கைக் கையில் எடுத்தாலே மொடமொடவென்று சத்தம் வரும்.

கருநீலம். நெஞ்சில் கல் வேலை, உள்ளே நாலு அடுக்கு நெட். தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் பிள்ளைகள் செக்‌ஷனில் நான் நின்ற காலம். புதுச் சரக்குப் பண்டலைப் பிரித்ததுமே, இது நம்ம யாழினிக்குத்தான் என்று எடுத்து ஒதுக்கிவிட்டேன்.

யாழினி என் தங்கச்சி செல்வியின் மகள். அப்போது ஐந்து வயது. சாரல் சீசனில் குற்றாலத்தில் வைத்துக் காதுகுத்து. மாமன் சீராக நான்தான் டிரெஸ் எடுக்க வேண்டும், என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள்.

அந்தப் பிள்ளைக்குத் துணி என்றாலே ஆகாது. கழுத்து லேபிள், அக்குளில் வரும் தையல், ஜட்டி எலாஸ்டிக்... எது பட்டாலும் முள் குத்தியது மாதிரி அழுவாள். செல்வி லேபிளை பிளேடால் ஒவ்வொரு நூலாகப் பிரித்து எடுப்பாள். தையல் வெளியே வருகிற மாதிரி சட்டையைத் திருப்பிப் போட்டுவிடுவாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போட்டுப் போட்டு நைந்த பனியனைக் கேட்டு வாங்கி வருவாள்.

எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. "மாமன் ஜவுளிக்கடையில நிக்கான், மருமவ அடுத்த வீட்டுப் பழைய துணிய போட்டுக்கிட்டு அலையுதா" என்று செல்வியின் மாமியார் என் காதுபடவே சொன்னார்.

செல்வி கடைக்கே வந்து கேட்டாள்.

"அண்ணே, பனியன் துணியில சும்மா ஒரு கவுன் எடுத்துத் தா. இல்லன்னா எதுனாலும் பத்து நாளைக்கு முன்னாலயே குடுத்துரு. நாலு தடவ அலசி மெதுவாக்கிப் போட்டுவிடுதேன்."

"ஏட்டி, கோடித்துணிய நனைச்சு உடுத்துவாங்களா? நாலு பேரு சிரிப்பான்."

"அவளுக்கு வலிக்குதுண்ணே."

"எல்லாம் நீ குடுக்கிற இடம்."

சொன்னது நான்தான். கண்ணை மூடித் தடவியே இது காட்டன், இது பாலியஸ்டர் என்று சொல்லுகிறவன். அது ஒரு பிள்ளையின் தோலில் எப்படி இருக்கும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. ஃபிராக்கைக் கடைசி நாள் வரை கண்ணிலேயே காட்டவில்லை. காட்டினால் துவைத்துவிடுவாளே.

காதுகுத்து அன்று காலையில் எல்லாரும் அருவிக்குப் போனோம். பெண்கள் பக்கம் குளித்துவிட்டு வந்த செல்வியின் மாமியார்தான் ஆரம்பித்தார்.

"அம்புட்டுத் தண்ணி மண்டையில விழுது, சிரிச்சிக்கிட்டு நிக்கா. சட்டை குத்துதாம்லா சட்டை. பூராவும் நடிப்பு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

மண்டபத்தில் தாம்பாளத்தில் வைத்து ஃபிராக்கைக் கொடுத்தேன். இரண்டு பெரியம்மாக்கள் பிள்ளையின் கையைப் பிடிக்க, இன்னொருத்தி தலைவழியே மாட்டி ஜிப்பை இழுத்தாள். பிள்ளை கத்தின கத்தல்... என் மடியில் வைத்தார்கள். உடம்பு விறைத்துப்போய் எம்பி எம்பித் துள்ளினாள்.

"ஊசியப் பாத்து பயப்படுதா. இறுக்கிப் பிடிங்க" என்றார் ஒரு பெரியம்மா.

இறுக்கிப் பிடித்தேன். இறுக்க இறுக்க அந்தக் கல்லும் நெட்டும் இன்னும் அழுந்தும் என்று யோசிக்காத மடையன்.

காது குத்த வந்த ஆசாரி ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "நான் இன்னும் தொடவே இல்லையே அண்ணாச்சி. இப்படித் துள்ளுனா எங்கன குத்த?"

செல்வி வந்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளையை என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். திரும்பி வரும்போது யாழினி மேல் ஒரு நைந்த பனியன், தையல் வெளியே தெரிய. கழுத்தைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. அழுகை நின்று விக்கல் மட்டும் மிச்சம்.

மறுபடி என் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். "ஸ்..." என்றாள். அடுத்த காதுக்கு அவளே தலையைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஐம்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றோம். ஊசிக்கு அழாத பிள்ளை துணிக்கு ஏன் அழுதது என்று ஒரு ஆளாவது யோசிக்க வேண்டாமா? மாமன் சீரை உடுத்தாமல் காது குத்தலாமா என்று, அதைத்தான் பேசினார்கள். பனியனோடு போட்டோ எடுக்காதே என்று போட்டோகிராஃபரிடம் சொல்லிவிட்டார்கள். அவள் காதுகுத்து ஆல்பத்தில் அவள் இல்லை.

நான் செய்தது அதைவிடக் கேவலம். தாயும் மகளும் சபையில் என்னை அவமானப்படுத்திவிட்டார்கள் என்று பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிவிட்டேன். ஐந்து வயதுப் பிள்ளையோடு வீம்பு. செல்வியிடம் ஒரு வருடம் பேசவில்லை. இதை எழுதும்போதுகூட என்மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

பிறகு ஒரு டாக்டர் இதற்குப் பெயர் எழுதிக் கொடுத்தார். சென்சரி பிராப்ளம். மேலே படுகிறது எல்லாம் அவளுக்கு நமக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு தெரியுமாம். கடையில் நின்று செல்வி "வலிக்குது" என்று சொன்னதற்கு மேல் அதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் லெட்டர்பேடில் இருந்தால்தானே நான் நம்புவேன்.

இப்போது யாழினிக்குப் பதின்மூன்று வயது. அடுத்த வாரம் எங்கள் சித்தப்பா மகன் கல்யாணம். பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே கலர் பட்டுப்பாவாடை என்று ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் டிரெஸ் கோட் போட்டார்கள். யாழினி காட்டன்தான் போடுவாள் என்று செல்வி எழுதினாள். "ஒரு நாள்தானட்டி" என்று ஒருத்தர். "இன்னுமா அந்தப் பழக்கத்த மாத்தல" என்று இன்னொருத்தர்.

எனக்கு வந்ததே கோபம்...

"யாழினி அவளுக்கு ஒத்துக்கிடுததத்தான் உடுத்துவா. இதப் பத்தி இனி யாரும் பேச வேண்டாம்" என்று தட்டிவிட்டேன்.

"மாமன் சொன்னா சரிதான்" என்று உடனே ஒருத்தர். வரிசையாகக் கட்டைவிரல். ஐந்து நிமிடத்தில் விஷயம் முடிந்தது.

அன்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறது? எட்டு வருடமாகப் பெற்றவள் தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறாள், ஒரு கட்டைவிரல் விழுந்ததில்லை. நான் ஒரு வரி போட்டதும் எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் செல்வி எனக்குத் தனியாக மெசேஜ் போட்டாள்.

"இத அன்னைக்கு மண்டபத்துல வச்சே சொல்லிருக்கலாம்லாண்ணே."

படித்துவிட்டேன் என்று நீல டிக் அவளுக்குத் தெரிந்திருக்கும். மூன்று நாள் ஆகிறது. அவளுக்குப் பதில் போடாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.